தளபாடம் என்றால் தரை இல்லை

1

ஆரணியிலிருந்து போன் பண்ணுகிற யாரும் வீடு பெரிதா சின்னதா என்று கேட்பதில்லை. குளிர் எப்படி என்றும் கேட்பதில்லை. "அங்க பத்திரச் செலவு எவ்ளோ ஆச்சி?" இதுதான் முதல் கேள்வி. சேவூரில் இருக்கும் என் அக்கா செல்வியும் அதையேதான் கேட்டாள். "ஸ்டாம்பு எவ்ளோடா?"

ஒரு வரியில் சொல்ல முடியாது. ஒவ்வொருவருக்கும் சொல்லியும் மாளவில்லை. சாவி வாங்கி இந்த வாரத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. எழுதிவிடுகிறேன்.

நான் ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில் தோசை மாஸ்டர். அதற்கு முன் சென்னையில் ஓட்டல் வேலை. அதற்கு முன் ஆரணியில் தறி. ஏழாவது வரை படிப்பு. என் மனைவி கௌரி, ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற கம்பெனியில் துணி மடிக்கிறாள். மகள் நிவேதா நாலு வயதில் இங்கே வந்தாள். இப்போது இருபது. வேறு ஊரில் தங்கிப் படிக்கிறாள்.

இங்கேயும் வீடு வாங்கினால் அரசாங்கத்துக்கு வரி உண்டு. நம் ஊர் ஸ்டாம்பு மாதிரி. அந்த வரி மனைக்கும் கட்டடத்துக்கும் மட்டும். உள்ளே இருக்கிற கட்டில், பீரோ, சோபா, அடுப்படி அலமாரி இதற்கெல்லாம் கிடையாது. அதனால் பத்திரத்திலேயே வீட்டுக்கு ஒரு விலை, சாமானுக்கு ஒரு விலை என்று பிரித்து எழுதுகிறார்கள். சாமான் விலைக்கு வரி இல்லை. திருட்டுத்தனம் இல்லை. சட்டமே அப்படித்தான். சாமான் நிஜமாக இருக்க வேண்டும். விலை ஞாயமாக இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

இது இப்போது தெரியும். கையெழுத்துப் போட்ட அன்று தெரியாது. ஒரு வார்த்தையில் விழுந்தேன்.

2

முதலில் ஆரணிக் கதை. அது இல்லாமல் இது விளங்காது.

ஆரணியில் எங்கள் வீட்டை ஒரு பட்டு வியாபாரிக்கு விற்றேன். அந்தப் பணத்தில்தான் இந்த வீட்டுக்கு முன்பணம் கட்டினேன். வீட்டுக்குள் இரண்டு தறி. இரண்டும் குழித்தறி. தரையில் குழி தோண்டி, காலைக் குழிக்குள் விட்டு உட்கார்ந்து நெய்வது. கால் மரங்களைத் தரையில் நட்டிருப்பார்கள்.

பத்திரம் எழுதுகிறவர் வியாபாரியிடம் சொன்னார். "அண்ணே, ஊட்ட மட்டும் எழுதிக்கலாம். தறி தனி. செலவு கம்மியாவும்."

"எனக்கு இன்னாத்துக்குப் பா தறி?" என்றார் வியாபாரி. "என்கிட்ட நெய்றவன் அவன் அவன் ஊட்டுல நெய்றான். தூக்கிகினு போவ சொல்லு. குழிய மூடிக் குடுத்தா போதும்."

நான் லீவில் வந்தவன். திரும்புகிற டிக்கெட்டுக்கு இன்னும் சில நாள் இருந்தது. மெதுவாகத் தூக்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அக்கா சேவூரிலிருந்து வந்து அந்தத் தறியில்தான் நெய்துகொண்டிருந்தாள். பாதிச் சேலை ஓடியிருந்தது.

பதிவு முடிந்த மறுநாள் பத்திரக்காரர் ஓடி வந்தார். செருப்புகூடக் கழற்றவில்லை.

"இன்னாபா இன்னும் தறி நிக்குது? கட்டடம் பாக்க ஆளு வந்துகினு கீறாரு. நட்டு வெச்சிருந்தா கட்டடத்தோட சேத்துருவாரு. எழுதுனது ஒண்ணு, நிக்கிறது ஒண்ணு. பெரிய பேஜாராப் பூடும். ஜல்தியா தூக்கு!"

அக்கா தறி ஓடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். "பாவு கீது, கண்ணு தெரியலியா? அறுத்துட்டா நீ வந்து ஒட்டுவியா?"

பாவு நூலை அறுக்கவில்லை. உருளையோடு சுருட்டி எடுத்தோம். நான் சாக்பீஸை எடுத்து ஒவ்வொரு மரத்திலும் எழுத்துப் போட்டேன். அ வருகிற மரத்தோடு ஆ சேரும். ஆவோடு இ சேரும். தறி பிரிக்கிறபோது எங்கள் வீட்டில் அப்படித்தான். எண் போட்டால் ஆறும் ஒன்பதும் தலைகீழாகப் பார்த்தால் குழப்பும். எழுத்து குழப்பாது.

டாட்டா ஏஸ் வண்டியில் ஏற்றி சேவூர் போய் இறக்கினோம். கட்டடம் பார்க்கிறவர் வந்தபோது குழியில் மண் கொட்டிக்கொண்டிருந்தேன். அவர் குழியைப் பார்த்தார். என் முழங்கை மண்ணைப் பார்த்தார். எழுதிக்கொண்டு போனார். அக்கா அந்தச் சேலையை சேவூரில் முடித்தாள்.

அன்றைக்கு நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். நட்டது வீடு. பிரித்து எடுக்க முடிகிறது சாமான். தனி என்று சொல்லிவிட்டால் விற்றவன் தூக்கிக்கொண்டு போய்விட வேண்டும். இல்லாவிட்டால் தப்பு.

3

இங்கே நாங்கள் வாங்கிய வீடு எர்னா என்கிற அம்மாளுடையது. வீட்டுக்காரர் காலமாகிவிட்டார். அந்த அம்மாளுக்கு முட்டி முடியவில்லை. முதியோர் இல்லத்துக்குப் போகிறார். பிள்ளை இல்லை. அவருடைய அக்கா மகன் யூர்கன்தான் எல்லாம் பார்த்துக்கொள்கிறான்.

வீடு பார்க்கப் போனபோது எர்னா அம்மாள் அடுப்படி அலமாரி ஒவ்வொன்றையும் தட்டித் தட்டிக் காட்டினார். ஏதோ சொன்னார். நான் சிரித்துத் தலையாட்டினேன். தோசைக்கல்லைத் தாண்டி என் ஜெர்மன் போகாது. "நல்லது", "நன்றி", "காரம் அதிகமா?" அவ்வளவுதான்.

நிவேதாவைக் கூப்பிட்டிருக்கலாம். பத்து வயதிலிருந்து அவள்தான் எங்களுக்குக் கடிதம் படிப்பாள். டாக்டரிடம் பேசுவாள். வங்கியில் பேசுவாள். அவள் படிக்கப் போன வருஷம் கரண்ட் ஆபீஸ் கடிதம் ஒன்றைப் போனில் அனுப்பி, என்ன என்று கேட்டேன். அவள் சத்தம் போடவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள்.

"பா, எனக்கும் பரீட்சை இருக்குது. எப்பப் பாத்தாலும் நானேவா? நான் உங்க வாய் இல்ல பா."

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. வீட்டு விளம்பரப் படங்களை மட்டும் அவளுக்கு அனுப்பினேன். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்று பதிலாக வந்தது. அதுதான் பேச்சு.

பத்திரத்தின் நகல் முன்னாலேயே தபாலில் வந்தது. பிரிக்காத தினசரி மாதிரி மேசை மேலேயே கிடந்தது. கௌரி இரண்டு தரம் சொன்னாள். "கொயந்தைக்கு அனுப்புங்களேன்." நான் அனுப்பவில்லை.

இங்கே பத்திரம் எழுதுகிறவர் பெரிய வக்கீல் மாதிரி. கோட்டு, டை. எழுதின முழுவதையும் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும் என்பது சட்டம். படித்தார். விசைத்தறி ஓடுகிற வேகம். மொழி தெரியாதவனுக்குப் பக்கத்தில் ஒருவர் சொல்ல வேண்டும் என்பதும் சட்டம். அதற்குச் சிவம் என்று ஒருவர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனிதர். சுத்தத் தமிழ். அவர் தமிழுக்கு முன்னால் நான் பேசுவது தமிழா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

பாதியில் அவர் என் பக்கம் குனிந்தார்.

"அண்ணை, தளபாடங்களுக்குத் தனிய விலை போட்டிருக்கினம். அதுக்கு வரி வராது. உங்களுக்கு லாபம்தான். விளங்குதோ?"

எங்கள் ஊரில் தளம் என்றால் மேலே போடுகிற கான்க்ரீட். இல்லை என்றால் கீழே தரை. வேறு அர்த்தம் நான் கேட்டதில்லை. அந்த வீட்டில் தரை முழுக்க நல்ல மரப்பலகை பதித்திருந்தது. பலகைக்குத் தனி விலை போலிருக்கிறது என்று நினைத்தேன். நம் ஊர்ப் பத்திரத்திலும் கதவு, நிலை, தரை, தளம் என்று அடுக்குவார்கள்தானே.

"வெளங்குது" என்றேன்.

எர்னா அம்மாள் எதிரில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக் கண்ணை மூடித் திறந்தார். சந்தோஷம் என்று அர்த்தம். கையெழுத்துப் போட்டோம்.

4

சாவி வாங்கிக்கொண்டு போனால் வீட்டில் எல்லாம் அப்படியே இருந்தது. மேசை, ஆறு நாற்காலி, சோபா, பீரோ, அடுப்படி முழுக்க.

கௌரி வாசலிலேயே நின்றுவிட்டாள். "இன்னாங்க, அவங்க சாமான் இன்னும் எடுக்கல?"

இன்னொன்று சொல்ல வேண்டும். நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து முதலில் வாடகைக்குப் போன வீட்டில் அடுப்படியே இல்லை. சுவரில் இரண்டு குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. காலி பண்ணிக்கொண்டு போனவர்கள் அலமாரி, சிங்க், அடுப்பு எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். இங்கே பல பேருக்கு அது வழக்கம். கௌரி அன்று அந்த இரண்டு குழாயைப் பார்த்து அழுதாள். அதனால் அடுப்படி என்பது போகிறவர்கள் எடுத்துக்கொண்டு போகிற பொருள் என்று எங்கள் மண்டையில் ஏறிவிட்டது.

எர்னா அம்மாளால் எடுக்க முடியவில்லை, பாவம். யூர்கனுக்கு நேரம் இல்லை போலிருக்கிறது. அடுத்தவர் சாமானை வைத்துக்கொண்டு ஒரு நாள்கூட இருக்கக் கூடாது. ஆரணியில் பத்திரக்காரர் செருப்போடு ஓடி வந்தது கண் முன்னால் வந்தது.

கௌரிக்கும் அவசரம். "அடுத்தவங்க ஆண்ட அடுப்புல நான் பால் காச்ச மாட்டேன். சீக்கிரம் எடுத்துக் குடுத்துடுங்க."

லீவு போட்டேன். ஓட்டல் வண்டியைக் கேட்டு வாங்கினேன். அடுப்படியை நானே கழற்றினேன். மேல் அலமாரி, கீழ் அலமாரி, கதவு, இழுப்பறை முகப்பு, பலகை, சிங்க், அடுப்பு. பழைய பழக்கம். காகித டேப்பைக் கிழித்து ஒட்டி மேலே எழுத்துப் போட்டேன். அ முதல் ஃ வரை. பிறகு க, ங, ச என்று ப வரை. ஸ்குரூவைத் தனித்தனிப் பையில் கட்டி அதன் மேலும் அதே எழுத்து. ஒரு கீறல் விழவில்லை.

மேசை, சோபா, பீரோவோடு எல்லாவற்றையும் யூர்கன் வீட்டு வண்டிக் கொட்டகையில் இறக்கினேன். அவன் தலையைச் சொறிந்தான். "நிச்சயமா?" என்று கேட்டான். மூன்று தரம் கேட்டான். நான் "யா, யா" என்றேன். அவன் சிரித்துக் கை கொடுத்தான். இந்த நாட்டில் ஒருவன் அவ்வளவு சந்தோஷமாக எனக்குக் கை கொடுத்தது அன்றுதான்.

திரும்பி வந்தேன். வீடு காலி. குரல் எதிரொலித்தது. கௌரி எங்கள் ஒற்றைக் கரண்ட் அடுப்பைத் தரையில் வைத்துப் பால் காய்ச்சினாள். பொங்கியது. நிம்மதியாகத் தூங்கினேன்.

5

வரி ஆபீஸிலிருந்து சாம்பல் நிற உறையில் ஒரு கடிதம் வந்தது. போனில் வைத்து மொழிமாற்றிப் பார்த்தேன். "அசையும் பொருட்கள்", "ஆதாரம்", "புகைப்படம்", "கெடு" என்று துண்டு துண்டாக வந்தது. "உண்மைக்கு மாறான தகவல்" என்றும் ஒரு துண்டு வந்தது.

அந்த நேரத்தில் நாங்கள் மூன்று பேரும் இந்நாட்டுக் குடியுரிமைக்கு மனு போட்டிருந்தோம். மனுவில் ஒரு கேள்வி, உன் மேல் ஏதாவது விசாரணை உண்டா என்று. இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தோம். வரி ஏய்த்தான் என்று ஒரு தாள் எழும்பினால் அந்த மனு என்ன ஆகும்? என்னது போகட்டும். நிவேதாவுக்கு இதை விட்டால் வேறு ஊர் இல்லை. ஆரணி அவளுக்கு லீவில் போகிற இடம்.

கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் கௌரிதான் போனை எடுத்து அழுத்தி என் காதில் வைத்தாள்.

கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். நிவேதா படித்துவிட்டுத் திருப்பிக் கூப்பிட்டாள்.

"பா, ஒண்ணும் இல்ல. லிஸ்ட்ல இருக்கிற சாமானை போட்டோ எடுத்து அனுப்பணும். அவ்ளோதான்."

"எந்தச் சாமான்?"

"வீட்ல இருக்கிற சாமான் பா. கிச்சன், டேபிள், சோபா. நீங்க வாங்குனது."

"நான் எங்க வாங்குனேன்?"

"பத்திரத்தை போட்டோ எடுத்து அனுப்புங்க" என்றாள். குரல் மாறியிருந்தது.

அன்று மாலை ரயிலிலேயே வந்துவிட்டாள். காலி அடுப்படியில் நின்றாள். சுவரில் ஸ்குரூ ஓட்டைகள். தரையில் ஒற்றை அடுப்பு.

"இதெல்லாம் உங்களுது பா. காசு குடுத்திருக்கீங்க. இங்க எழுதியிருக்குது. ஏன் பா குடுத்தீங்க?"

"சாமான்னு யாரும் சொல்லலியே. தளபாடத்துக்குத் தனி வெலன்னுதான் சிவம் அண்ணன் சொன்னாரு."

"சாமானுக்குத்தான் பா தனி விலை! அதெல்லாம் உங்களுக்குத்தான்!"

"ஊர்ல சாமான்னா வித்தவனுக்கு."

அவள் தலையில் கை வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பலகைத் தரை.

சிவம் அண்ணனுக்குப் போன் போட்டேன். தளபாடம் என்றால் என்ன என்று கேட்டேன்.

"என்ன அண்ணை, தளபாடம் எண்டால் கட்டில், மேசை, கதிரை, அலுமாரி. வீட்டுச் சாமான் தானே. ஏன் கேக்கிறியள்?"

"நான் தரைன்னு நெனச்சேன்."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டார். "ஐயோ, அண்ணை" என்றார். பிறகு, "நானும் சாமான் எண்டு சொல்லியிருக்கலாம்" என்றார்.

6

கௌரி ஒரு வழி சொன்னாள். கோபமாகத்தான் சொன்னாள். பயந்தால் அவளுக்குக் கோபம் வரும்.

"கடையில பழைய சாமான் விக்கிறாங்க இல்ல? நாலு வாங்கி வெச்சி போட்டோ எடுத்து அனுப்பிட்டா யாருக்குத் தெரியப் போவுது? அவங்க இன்னா, வந்து தொட்டா பாக்கப் போறாங்க?"

நிவேதா எழுந்து நின்றாள். "மா, இப்ப நாம ஒண்ணும் தப்பு பண்ணல. அப்படிப் பண்ணா அதுதான் தப்பு. அப்புறம் நான் எதுக்கும் வாய் தொறக்க மாட்டேன்."

"நீ எப்பதான் தொறந்த?" என்றாள் கௌரி.

அது தேவையில்லாத வார்த்தை. நிவேதா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் சட்டையை மாட்டினேன். "யூர்கன் வூட்டுக்குப் போலாம் வா" என்றேன். அவள் வருவாளா என்று தெரியாது. ஷூவைப் போட்டுக்கொண்டு வந்தாள்.

7

யூர்கன் கதவைப் பாதிதான் திறந்தான். நிவேதா பேசப் பேச அவன் முகம் வெளுத்தது. மேசை, நாற்காலி விற்றுவிட்டான். பீரோவை யாருக்கோ கொடுத்துவிட்டான். சோபா குப்பைக்குப் போய்விட்டது. "அவர்தான் கொண்டு வந்து இறக்கினார், நான் மூன்று தரம் கேட்டேன்" என்று என்னைக் கையால் காட்டினான். கேட்டான்தான். நானும் ஆமாம் என்றேன்.

"அடுப்படி?" என்று கேட்கச் சொன்னேன்.

அவன் ஏதோ வேகமாகச் சொன்னான். நிவேதா அவனையே பார்த்தாள். அவள் உதடு கோணியது. சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

"அது விக்கல பா. ரெண்டு பேரு வாங்கிகினு போயி திருப்பிக் கொண்டாந்து போட்டுட்டாங்களாம். யாராலும் சேக்க முடியலையாம். மேல எழுதியிருக்கிறது என்ன மொழின்னே தெரியலையாம்."

கொட்டகையைத் திறந்தான். ஒரு பெரிய பாலித்தீன் தாள். அதைத் தூக்கினால் எல்லாம் இருந்தது. அ, ஆ, இ. ஸ்குரூப் பைகூட நான் கட்டின முடிச்சோடு அப்படியே.

"வண்டி நிறுத்த இடம் இல்லாம இருக்கானாம். எடுத்துகினு போனா நன்றி சொல்லுவானாம்."

அப்புறம் அவன் குரலைத் தாழ்த்தி இன்னொன்று சொன்னான். நிவேதா உடனே சொல்லவில்லை. வண்டியில் ஏற்றி முடித்த பிறகு சொன்னாள்.

"எர்னா அம்மா கேட்டுகினே இருந்தாங்களாம். ஏன் என் அடுப்படிய அவங்க வேணான்னுட்டாங்க, அழுக்கா இருந்துச்சான்னு. போறதுக்கு முன்னாடி ரெண்டு நாளு உக்காந்து அவங்களே தொடச்சாங்களாம்."

நான் கயிற்றை இன்னொரு முறை இழுத்துக் கட்டினேன்.

8

திரும்ப மாட்ட ஆரம்பித்தோம். எனக்கு வேலை முடிந்து வந்தால் கை மரத்துப் போயிருக்கும். மேல் அலமாரியை நான் தூக்கிப் பிடிக்க, கீழே இருந்து அடுத்ததை எடுத்துக் கொடுப்பது நிவேதா. அவளுக்குத் தமிழ் பேச வரும். எழுத்து வராது. சின்ன வயதில் உட்கார்த்தி வைத்துச் சொல்லிக் கொடுக்க எங்கள் இரண்டு பேருக்கும் ஷிப்டு ஒத்து வரவில்லை.

அவள் போனில் தமிழ் எழுத்து வரிசையை எடுத்து வைத்துக்கொண்டாள். நான் "ஏ எடு" என்று சொன்னால் அவள் வரிசையில் தேடி, உருவத்தைப் பார்த்து, டேப்பில் இருக்கிற உருவத்தோடு ஒத்துப் பார்ப்பாள்.

"போன்ல கால் இருக்குது, டேப்ல இல்ல பா."

"அது எ. எனக்கு ஏ வேணும்."

"உங்க கையெழுத்துல ரெண்டும் ஒண்ணாதான் இருக்குது."

மேல் அலமாரி முடிந்தது. இழுப்பறை முகப்புகளை அவளே மாட்டினாள். நான் தண்ணீர்க் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லாம் முடிந்ததும் கௌரி வந்து பார்த்தாள். ஓரத்தில் ஒரு டேப்பை நகத்தால் கிளப்பினாள்.

"இத எல்லாம் பிச்சிட்டு போட்டோ எடுங்க. எப்பவும் இங்கதான் இருந்துச்சின்னு சொல்லிடலாம். பொய்யும் இல்ல. இப்ப இங்கதானே இருக்குது."

நிவேதா என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கட்டும்" என்றேன்.

"கேப்பாங்க பா" என்றாள்.

"கேக்கட்டும்."

டேப்போடு படம் எடுத்தாள்.

9

தபாலில் அனுப்பாமல் நேரில் வரலாமா என்று நிவேதா வரி ஆபீஸில் கேட்டு ஒரு நேரம் வாங்கினாள். எதிரில் உட்கார்ந்த அம்மாளுக்கு என் வயதிருக்கும். கண்ணாடி. சிரிக்காத முகம். பத்திரத்தை ஒரு பக்கமும் படங்களை ஒரு பக்கமும் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பேனாவால் தொட்டாள்.

மேசை எங்கே? நாற்காலி எங்கே? சோபா எங்கே?

இல்லை என்று நிவேதா சொன்னாள். ஏன் இல்லை என்று சொன்னாள். அவள் ஜெர்மன் எனக்குப் புரியாது. ஆனால் தளபாடம் என்ற வார்த்தை மட்டும் நடுவில் தமிழிலேயே வந்தது. தளம் என்பதும் வந்தது. ஆரணி வந்தது. சிவம் அண்ணன் வந்தார்.

அந்த அம்மாள் நிவேதாவின் பேச்சை நிறுத்தினாள். பேனாவை என் பக்கம் நீட்டினாள். நேராக என்னிடமே கேட்டாள். மெதுவாகக் கேட்டாள்.

நிவேதா வாய் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். "உங்களதான் பா கேக்கறாங்க. அவரு சொன்னப்ப நீங்க என்ன புரிஞ்சிகினீங்கன்னு."

எனக்குத் தெரிந்த வார்த்தை ஒன்று இருந்தது. தரைக்கு இங்கே போடன் என்பார்கள். தினமும் ஓட்டலில் கேட்கிறது. போடன் துடை, போடன் ஈரம்.

"போடன்" என்றேன். அவளுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. காலால் தரையை இரண்டு தட்டுத் தட்டினேன். "போடன்."

அவள் மேசைக்குக் கீழே குனிந்து என் காலைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். நிமிர்ந்தாள். முகம் அப்படியே இருந்தது.

பிறகு அடுப்படிப் படத்தை எடுத்து டேப்பைத் தொட்டாள். இது என்ன?

நிவேதா சொன்னாள். கழற்றும்போது அப்பா எழுதினது. ஊரில் தறி கழற்றுவது மாதிரி.

விளம்பரப் படங்கள் இருக்கிறதா என்று கேட்டாள். நிவேதா போனை நீட்டினாள். நான் அனுப்பியது, கட்டைவிரலுக்கு மேலே அப்படியே இருந்தது. மேசை, ஆறு நாற்காலி, சோபா எல்லாம் அதில் தெரிந்தது. அந்த அம்மாள் ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தாள்.

கடைசியில் ஏதோ நீளமாகப் பேசினாள். நிவேதா கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"கையெழுத்துப் போட்ட அன்னைக்கு சாமான் வீட்ல இருந்துச்சா, நீங்க காசு குடுத்தீங்களா, அதுதான் அவங்களுக்கு வேணுமாம். இருந்துச்சி. குடுத்தீங்க. அதுக்கு அப்புறம் யாருக்குக் குடுத்தா என்ன, அது நீங்க குடுத்த பரிசாம். அவங்களுக்கு சம்பந்தம் இல்லையாம்."

"பரிசா?"

"ஆமா பா. யூர்கனுக்கு நீங்க குடுத்த பரிசு."

திருப்பிக் கொடுத்தேன் என்று நினைத்திருந்தேன். சட்டத்தில் அது பரிசு. அவன் அவ்வளவு சந்தோஷமாகக் கை கொடுத்தது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது.

முடிவு கடிதத்தில் வரும் என்றாள். அந்தக் கடிதம் வரும் வரைக்கும் தபால்பெட்டி மூடிச் சத்தம் கேட்டால் கௌரி வேலையை நிறுத்திவிடுவாள். நானும் தினமும் சாம்பல் உறையைத்தான் தேடினேன்.

வந்தது. சோபாவுக்குப் போட்ட விலை அதிகம் என்று கொஞ்சம் குறைத்து, அதை வீட்டு விலையில் சேர்த்திருந்தார்கள். அதற்கு உண்டான வரியைக் கட்டினேன். மற்றதெல்லாம் ஒப்புக்கொண்டார்கள். விசாரணை என்ற வார்த்தை எங்கும் இல்லை என்று நிவேதா இரண்டு தரம் படித்துச் சொன்னாள். குடியுரிமை மனு அதன் பாட்டுக்கு வரிசையில் நிற்கிறது.

10

எர்னா அம்மாளை ஒரு ஞாயிறு அழைத்து வந்தோம். கைத்தடியோடு மெதுவாக வந்து அடுப்படியில் நின்றார். டேப்புகளைப் பார்த்து என்னவோ கேட்டார். நிவேதா சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கௌரி பால் பாத்திரத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவரே வைத்தார். அவரே அடுப்பைத் திருகினார். அதற்குப் பிறகு அந்த அடுப்பைப் பற்றிக் கௌரி பேச்சே எடுக்கவில்லை. அதில்தான் சமைக்கிறாள்.

ஆக, பத்திரச் செலவு எவ்வளவு என்று கேட்கிறவர்களுக்கு: வீட்டுக்கு உண்டானது கட்டினேன். தளபாடத்துக்கு இல்லை. தளபாடம் என்றால் தரை இல்லை. அக்காவிடம் இதைச் சொன்னேன். "இன்னாடா ஒளர்ற? குடிச்சிருக்கியா?" என்றாள்.

நிவேதா அவள் ஊருக்குத் திரும்பிவிட்டாள். கடிதம் வந்தால் படம் எடுத்து அனுப்புகிறேன். சில நாள் பதில் வருகிறது. சில நாள் கட்டைவிரல் மட்டும் வருகிறது.

டேப்புகள் ஒவ்வொன்றாக ஈரத்தில் உரிந்து விழுந்துவிட்டன. ஒன்று மட்டும் இருக்கிறது. கரண்டி வைக்கிற இழுப்பறை. நிவேதா மாட்டினது. ப என்று எழுதியிருந்தேன். அவள் மேல் எது கீழ் எது என்று தெரியாமல் முகப்பைக் கவிழ்த்து மாட்டியிருக்கிறாள். ப கவிழ்ந்து கிடக்கிறது. எழுத்து குழப்பாது என்று நினைத்திருந்தேன். தெரியாதவர்களுக்கு அதுவும் குழப்பும்.

திருப்பி மாட்ட நாலு ஸ்குரூ. கௌரி சொல்லிக்கொண்டேதான் இருக்கிறாள். வேலை முடிந்து வந்து தினமும் அந்த இழுப்பறையை இழுத்துத்தான் கரண்டி எடுக்கிறேன். அப்படியே விட்டிருக்கிறேன்.